ஏழு மணி ஆராதனை

அம்மா முதன்முதலாக ஏழு மணி ஆராதனைக்குப் புறப்பட்ட ஞாயிற்றுக்கிழமை, அவள் ஏதோ சாவு வீட்டுக்குப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். வெளிர் நிறச் சேலை, கையில் குடை, தோளில் பைபிள் பை. காப்பிகூடக் குடிக்கவில்லை. கட்டிலில் கிடந்தபடியே, "யாரு செத்துப்போனா?" என்று கேட்டேன்.

"காலங்காத்தால வாயத் தொறந்தா இதுதான் வருமா ஒனக்கு? கோயிலுக்குப் போறேன்."

தேவாலயத்தை எங்கள் ஆட்கள் கோயில் என்றுதான் சொல்வார்கள். மணியைப் பார்த்தேன். ஏழாக இன்னும் நேரம் இருந்தது. எங்கள் கோயிலில் ஞாயிற்றுக்கிழமை இரண்டு ஆராதனை. ஏழு மணிக்கு மலையாளம், ஒன்பதரைக்குத் தமிழ். அம்மா தூக்கக் கலக்கத்தில் நேரம் தப்பிப் புறப்பட்டுவிட்டாள், போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவாள் என்று போர்வையை இழுத்துக்கொண்டேன். அவள் எட்டரைக்கு மேல் வந்தாள். வந்து, சேலையை மாற்றி, அரிசியைக் களைந்து உலையில் போட்டாள். ஒன்பதரை ஆராதனைக்குப் போகவே இல்லை.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொன்னால்தான் என் குழப்பம் விளங்கும்.

நாகர்கோவில் பக்கத்திலிருந்து கல்யாணமாகித் திருவனந்தபுரத்துக்கு வந்தவள் அம்மா. அப்பா இருந்தவரை அவருக்குச் சாலைக் கடைத்தெருவில் ஒரு பலசரக்கு மொத்தக் கடையில் வேலை. கிள்ளிப்பாலத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் வீடு. அந்தப் பக்கம் நடந்தால் வலியசாலை அக்கிரகாரத்துத் தமிழ், இந்தப் பக்கம் நடந்தால் சாலைக் கடைக்காரர்களின் தமிழ், நேரே போனால் மலையாளம். அம்மா இந்த மூன்றிலும் மீன் வாங்குவாள். ஆனால் ஜெபம் என்று வந்தால் தமிழ் மட்டும்தான். வேறு எதில் பேசினாலும் ஆண்டவருக்குத் தபால் கொஞ்சம் தாமதமாகப் போய்ச் சேரும் என்பது அவளுடைய எண்ணம்.

தமிழ் ஆராதனைக்கு ஆள் குறைகிறது, இரண்டையும் ஒன்றாக்கிவிடலாம் என்று கோயில் கமிட்டியில் ஒரு காலத்தில் பேச்சு வந்தது. அம்மா கமிட்டியோடு வாதாடப் போகவில்லை. ஹோட்டலிலும் கட்டட வேலையிலும் நின்ற நம்மூர்ப் பையன்களைத் தேடிப் போனாள். "ஞாயித்துக்கிழம மத்தியானச் சோறு என் வீட்டுல. பாட்டுப் பாட நீ கோயிலுக்கு வரணும்" என்பதுதான் ஒப்பந்தம். பழவங்காடி முக்கில் சாயாக் கடையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த ஒருவன், இந்துப் பையன், மீன் குழம்புக்காக ஒரு வருஷம் முழுக்க அல்லேலூயா பாடினான். அவன் குரல்தான் பாடகர் குழுவிலேயே நல்ல குரல். கமிட்டிக்காரர்கள் பெஞ்சுகள் நிறைந்திருப்பதைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார்கள்.

கிறிஸ்துமஸ் வந்தால் பெண்கள் சங்கத்தைக் கூட்டிக்கொண்டு பொன்முடி எஸ்டேட்டில் தமிழ்த் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயங்களுக்குப் போவாள். கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் திரும்பத் திரும்ப அம்மா வாந்தி எடுப்பாள். மேலே போய் இறங்கியதும் வாயைக் கொப்பளித்துவிட்டு முதல் பாட்டை அவள்தான் எடுப்பாள். நானும் சின்ன வயதில் கூடப் போயிருக்கிறேன். அந்தக் குரல் இவ்வளவு நேரம் இவளுக்குள் எங்கே இருந்தது என்று திகைப்பாக இருக்கும்.

வீட்டில் ராத்திரிச் சோற்றுக்கு முன்னால் குடும்ப ஜெபம். சோறு, குழம்பு, துவரன் என்கிற பொரியல் எல்லாம் மேஜைக்கு வந்த பிறகுதான் அம்மா கண்ணை மூடுவாள். அந்த ஜெபத்துக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் ஆகாரத்துக்கு நன்றி. பிறகு நோயாளிகள். பிறகு சொந்த ஊரை விட்டு வந்து கஷ்டப்படுகிற பிள்ளைகள். பிறகு இந்தப் பட்டணம், அதன் அதிகாரிகள், பஸ் டிரைவர்கள். பிறகு அடுப்படியில் நிற்கிறவர்கள். கடைசியில் பெற்ற பிள்ளைகள். பெயர் சொல்ல மாட்டாள். "பெத்தவ நான், குடுத்தவரு அவரு. எங்களுக்குள்ள பேரு எதுக்கு?" என்பாள். மூத்தவன் என்றால் அண்ணன். நடுவிலவள் என்றால் அக்கா. இவர்கள் இருவரும் சீக்கிரம் முடிந்துவிடுவார்கள். அதற்குப் பிறகு கடைக்குட்டி, அதாவது நான். கல்யாணம் வேண்டாம் என்றவள், கோயிலுக்குக் கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் மட்டும் வருகிறவள், எதற்கெடுத்தாலும் எதிர்த்துப் பேசுகிறவள். என்னிடம் வந்ததும் அம்மாவின் ஜெபம் பாயை விரித்து உட்கார்ந்துவிடும்.

"எளா, ஒனக்க பாவத்துக்கு எங்க சோறு ஆறுது" என்று அண்ணன் மேஜைக்கு அடியில் காலால் உதைப்பான். எனக்கு ஐம்பது தாண்டி, ஒரு சர்க்கார் ஆபீசில் சூப்பிரண்டாக நாலு பேரை அதட்டுகிற காலத்திலும் வீட்டில் சோறு என்னால்தான் ஆறிக்கொண்டிருந்தது.

அப்படிப்பட்டவள் மலையாள ஆராதனைக்குப் போகிறாள். ஒரு வாரம் அல்ல, வாராவாரம். மலையாளம் அவளுக்குப் பேசத் தெரியும், அதுவும் மீன் விலை பேசுகிற மலையாளம். ஓர் எழுத்து படிக்கத் தெரியாது. பாட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வாள்?

கேட்டேன். முதல் வாரம், "வெயிலுக்கு முந்திப் போயிட்டு வந்திரலாம்லா" என்றாள். அடுத்த வாரம், "மலையாளத்து அச்சன் பிரசங்கத்தச் சுருக்கமா முடிப்பாரு" என்றாள். நீளமான பிரசங்கம் இல்லையென்றால் கோயிலுக்குப் போனதுபோலவே இல்லை என்று சொல்கிறவள் அவள். அதற்கடுத்த வாரம் கொஞ்சம் கோபமாக, "ஆண்டவருக்கு ரெண்டு பாஷையும் தெரியும்" என்றாள். இந்த வசனம் அவளுடையது அல்ல. கல்லூரியில் படிக்கும்போது அண்ணன் மலையாள வாலிபர் கூட்டத்துக்குப் போனபோது சொன்னது. "அவருக்குத் தெரியும், ஒனக்குத் தெரியணும்லா" என்று அன்று அவன் முதுகில் அகப்பையால் வைத்தவள் அம்மா.

வீட்டில் ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். மாடியில் குடியிருக்கிற அண்ணன், புதிதாக வந்த போதகர்தான் காரணம் என்றான். அவர் இளைஞர். திரையில் பாட்டைப் போடுகிறார், டிரம்ஸ் வைக்கிறார், அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. அண்ணி, தன் மகளுக்காகத்தான் அம்மா போகிறாள், பேத்தியின் பாஷைக்குப் பழகுகிறாள் என்றாள். சொல்லும்போது அண்ணியின் கண் கலங்கியது. பேத்தியிடம் கேட்டோம். "ஞான் ஏழு மணிக்கு எழுந்நேற்கும்னு ஆரு சொன்னா அத்தே?" என்று சிரித்தாள். அவள் எந்த ஆராதனைக்கும் போவதில்லை என்பது அப்போதுதான் அண்ணிக்கே தெரிந்தது. அது வேறு சண்டையாக முடிந்தது. பெங்களூரிலிருந்து அக்கா, அம்மாவின் காதைப் பரிசோதிக்கச் சொன்னாள். எனக்கு இதில் எதுவும் ஒத்துவரவில்லை. அம்மா யாரோடோ மனம் கசந்திருக்கிறாள், அது பெண்கள் சங்கமாகத்தான் இருக்கும் என்று முடிவு கட்டினேன். இரண்டு பெண்கள் ஒரு அடுப்பில் கறி வைத்தால் மனக்கசப்பு வராமல் இருக்குமா?

இடையில் இன்னொன்றும் நடந்துகொண்டிருந்தது. ராத்திரி ஜெபம் சுருங்கிவிட்டது. "இன்னைக்கு நீ சொல்லு" என்று அண்ணன் வந்திருந்தால் அவனிடம் தள்ளிவிடுவாள். இல்லையென்றால், "எல்லாரும் மனசுக்குள்ள ஜெபிங்க" என்று கண்ணை மூடித் திறப்பாள். சோறு சூடாகக் கிடைத்தது. எனக்கு சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆளுக்கு ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டிருந்த எங்களில் ஒருவருக்கும் இதையும் அதையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை.

சங்கத் தலைவியைப் பார்க்கப் போனேன். கரமனையில் வீடு. அம்மாவைப் பெரியம்மை என்று கூப்பிடுகிறவள், அம்மாவின் கைக்குள் வளர்ந்தவள். "எங்கம்மைக்கும் உங்களுக்கும் என்ன பிரச்சன?" என்று உட்காரும் முன்பே கேட்டேன். எனக்கு எல்லாம் ஆபீஸ் விசாரணைதான். அவள் முகம் போன போக்கைப் பார்த்ததும் ஆளைப் பிடித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

"நான் சும்மாதான் சொன்னேன், பிள்ள. பெரியம்மைக்க பாட்டு இப்பம் கொஞ்சம் முந்திப் போவுதுன்னு. அது அவ்வளவு மனசுல தைக்கும்னு தெரியாதே" என்று அழத் தொடங்கிவிட்டாள்.

அவளைத் தேற்றுவதே பெரிய பாடாகிவிட்டது. நான் புறப்பட்டதும் அவள் போதகருக்குப் போன் செய்திருக்கிறாள். மறுநாள் சாயங்காலம் போதகர் ஆப்பிள் பையோடு எங்கள் வீட்டு வாசலில் நின்றார். அம்மா முந்தானையால் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். அவர் உட்காரவில்லை.

"அம்மா, எங்க பேர்ல ஏதாவது மனஸ்தாபம் இருந்தா மன்னிச்சிரணும்" என்றார்.

"நீங்க என்ன செய்தீங்க ஐயா?"

"அது..." என்று என்னைப் பார்த்தார். "எனக்கும் சரியாத் தெரியல்ல அம்மா."

அம்மாவும் என்னைப் பார்த்தாள். நான் ஆப்பிளைப் பார்த்தேன். ஒருவரும் செய்யாத தப்புக்கு ஒருவரும் எதிர்பார்க்காத மன்னிப்பு. சாயா வந்தது, குடித்தார். புறப்படும்போதுதான் அவர் அந்தப் பேச்சை எடுத்தார். "மாசக் கடைசி ஞாயிறு அசனம். வழக்கம்போல நீங்கதான் ஜெபிச்சு ஆரம்பிக்கணும்."

அசனம் என்பது எங்கள் சபையின் விருந்து. வருஷத்துக்கு ஒரு முறை கோயில் வளாகத்தில் அடுப்பு மூட்டி, அண்டாக்களில் சோறும் ஆட்டுக்கறிக் குழம்பும் வைத்து, தமிழ் மலையாளம் பார்க்காமல் எல்லோரும் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுவது. அண்டாவின் மூடி திறந்து முதல் அகப்பை விழுவதற்கு முன்னால் ஜெபம். எத்தனையோ போதகர்கள் வந்தார்கள், மாறினார்கள். அந்த ஜெபம் மட்டும் அம்மாவுடையது. வீட்டு ஜெபத்தின் அதே வரிசைதான், பெரிய அண்டாவுக்கு ஏற்றபடி கொஞ்சம் பெரிதாக. அங்கேயும் கடைசியில் கடைக்குட்டி வருவாள். சபை முழுக்க என் நல்ல புத்திக்காகக் கண்ணை மூடி நிற்கும். அதற்குப் பயந்தே நான் அசனத்துக்குப் பல வருஷம் போனதில்லை.

அம்மா அது காதில் விழாததுபோல டம்ளர்களை எடுத்துக்கொண்டிருந்தாள். எல்லாம் ஒரு வழியாக சரியாகிறது, இவள் வீம்பு பிடிக்கிறாளே என்று எனக்கு எரிச்சல். "ஜெபிப்பாவ ஐயா. கண்டிப்பா வருவாவ. நான் கூட்டிட்டு வாறேன்" என்றேன்.

அவர் கேட்டைத் தாண்டியதும் அம்மா திரும்பினாள். "யாரக் கேட்டு வாக்கு குடுத்த?"

"எதுக்குக் கேக்கணும்? எப்பவும் நீதானே செய்வ?"

"யாரக் கேட்டுன்னு கேட்டேன்."

அம்மா கோபப்பட்டால் எனக்குப் பயமில்லை. பழகியது. ஆனால் அன்று அவள் குரலில் இருந்தது கோபமில்லை. அடுக்களைக்குப் போய், கழுவி வைத்த டம்ளர்களையே எடுத்து மறுபடியும் கழுவினாள். ராத்திரி சாப்பிடவில்லை. நான் என்ன செய்துவிட்டேன் என்று விளங்காமல் போதகரின் ஆப்பிள் ஒன்றை வெட்டித் தின்றேன். மாவு மாதிரி இருந்தது.

அடுத்த ஞாயிறு நானும் கூடப் புறப்பட்டேன். "நீ எதுக்கு?" என்றாள். "ஆண்டவருக்கு ரெண்டு பாஷையும் தெரியும்லா" என்றேன். முறைத்தாள், ஆனால் தடுக்கவில்லை.

தமிழ் ஆராதனையில் அம்மாவின் இடம் முன்னால் இரண்டாவது பெஞ்சு. இங்கே அவள் நேராகக் கடைசி வரிசைக்குப் போய்த் தூணோரம் உட்கார்ந்தாள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பக்கத்தில் இருந்த ஒரு மலையாளத்து அம்மா புன்னகைத்துத் தன் பாட்டுப் புத்தகத்தைப் பாதி அம்மா பக்கம் நீட்டி, பாடுகிற வரியை விரலால் காட்டிக்கொண்டே வந்தாள். அம்மா அந்த விரலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், ஒன்றாம் வகுப்புப் பிள்ளைபோல. பக்கம் தப்பாகத் திருப்பினால் அடுத்த பெஞ்சுக்காரரைக்கூடத் தட்டித் திருத்துகிறவள் அவள். 'பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே' என்று தொடங்கும், சின்னப் பிள்ளைகளுக்கும் மனப்பாடமான பரமண்டல ஜெபம் வந்தது. எல்லோரும் மலையாளத்தில் ஒரே குரலாகச் சொன்னார்கள். அம்மாவின் உதடு அசையவில்லை. கைகளை மடியில் விரித்து வைத்துக் கண்ணை மூடியிருந்தாள். அவள் முகத்தில் அப்படியொரு ஓய்வைச் சமீபத்தில் நான் பார்த்ததில்லை. எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. எதன்மேல் என்றுதான் தெரியவில்லை.

முடிந்து வெளியே வந்து மாமரத்தடி சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்தோம். கப்யார், அதாவது கோயிலைத் திறந்து பூட்டுகிறவர், ஒன்பதரை ஆராதனைக்காகப் பாட்டுப் புத்தகங்களை மாற்றி அடுக்கிக்கொண்டிருந்தார்.

"அம்மா, உள்ளதச் சொல்லு. ஒரு வார்த்த புரிஞ்சுதா?"

"பாதி."

"பின்ன எதுக்கு இங்க வாற?"

அவள் குடையின் பட்டனைப் போட்டுப் போட்டுக் கழற்றினாள். "இங்க நான் வாயத் தொறக்காட்டா, பாவம் தமிழத்தி, பாஷ தெரியாதுன்னு நெனப்பாவ. ஒம்பதரையில தொறக்காட்டா, மறந்துட்டான்னு நெனப்பாவ."

"என்னத்த மறந்த?"

"பரமண்டல ஜெபத்த."

சிரித்துவிட்டேன். மூன்று வயதில் எனக்கு அதைச் சொல்லிக் கொடுத்தவள் அவள். தப்பாகச் சொன்னால் தொடையில் கிள்ளுவாள். அவள் சிரிக்கவில்லை. என் சிரிப்பு பாதியில் நின்று என்ன செய்வதென்று தெரியாமல் முகத்திலேயே கிடந்தது.

"ஒரு ஞாயித்துக்கிழம போதகரு என்னயத் தொடங்கச் சொன்னாரு. தொடங்குனேன். பாதியில ஒண்ணுமே இல்ல பிள்ள. வெள்ள அடிச்ச செவுரு போல இருந்துது. மத்தவங்க சொல்லிட்டுப் போயிட்டாவ, அதனால தெரியல்ல. பாட்டும் அப்படித்தான். அடுத்த வரி ஓடிப்போகும்னு பயந்து முந்திப் பாடிருவேன்."

சங்கத் தலைவி சொன்னது அதுதான். நான் அதைக் குற்றமாகப் பிடித்துக்கொண்டு அவளை அழ வைத்துவிட்டு வந்திருந்தேன்.

"டாக்டரப் பாப்போம். அண்ணன்ட்ட சொல்லுவோம்" என்றேன்.

என் மணிக்கட்டைப் பிடித்தாள். கிழவிக்கு இவ்வளவு பலமா என்று நினைத்தேன். "டாக்டரெல்லாம் அசனம் கழிஞ்சு போதும். யாருட்டயும் மிண்டாத. தெரிஞ்சா என்னய ஒரு கசேரியில உக்கார வச்சு, பெரியம்மா நீங்க அனங்காதீங்க, நாங்க கொண்டாறோம்னு இலையில சோறு போடுவாவ. பொன்முடி வரப் போயி பாடுனவ நான்."

"அப்ப வேற ஆள ஜெபிக்கச் சொல்லுதேன் அம்மா."

"நான் ஜெபிக்காட்டா ஏன்னு கேப்பாவ. ஜெபிச்சு நின்னுபோனா பாப்பாவ. நீதானே வாக்கு குடுத்த, வழியச் சொல்லு."

ஆபீசில் எந்தச் சிக்கலுக்கும் ஒரு வழி வைத்திருக்கிறவள் நான். காகிதத்தில் எழுதித் தருகிறேன் என்றேன். "ஆண்டவருக்கு மனுவா குடுக்கப் போறேன்? அப்படியெல்லாம் நான் ஜெபிச்சதில்ல" என்றாள். சரி, சொல்லிப் பழகுவோம் என்று அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டு குழம்புச் சட்டியை அண்டாவாக வைத்துப் பழகினோம். சில நாள் ஒரு சொல் பிசகாமல், டிரைவர்களும் அதிகாரிகளும் கடைக்குட்டியும் வரை தண்ணீர்போல ஓடும். அப்போது, இவளுக்கு ஒன்றுமில்லை, வீண் பயம் என்று தோன்றும். அன்று சாயங்காலமே "ஆண்டவரே" என்று சொல்லிவிட்டு நிற்பாள். சட்டியைப் பார்ப்பாள். என்னைப் பார்ப்பாள். இரண்டில் எது அம்மா என்று எனக்குத் தெரியவில்லை. எதை நம்பிக்கொண்டு தூங்கப் போவது என்றும் தெரியவில்லை.

அசனத்தன்று விடியும் முன்பே அம்மா கோயிலில் இருந்தாள். தேங்காய் அரைத்தது பதம் போதாது என்று சங்கத் தலைவியை அதட்டினாள். விறகு ஈரம் என்று கப்யாரை அதட்டினாள். சங்கத் தலைவி, பெரியம்மை பழையபடி வந்துவிட்டாள் என்று என் தோளைத் தட்டிச் சிரித்தாள். எனக்கும் அப்படித்தான் பட்டது. மசாலாவின் வாசனையைப் பிடித்தே எந்த அண்டாவில் உப்பு குறைவு என்று அவள் சொன்னாள். சரியாக இருந்தது. சரியாக இருக்க இருக்க நான் அவள் பக்கத்தை விட்டு நகராமல் நின்றேன்.

மதியம் பந்தலில் இலை போட்டு ஜனங்கள் உட்கார்ந்தார்கள். அண்ணனும் அண்ணியும் வந்திருந்தார்கள், பேத்திகூட வந்திருந்தாள். மலையாளத்து அம்மாவும் இருந்தாள், அம்மாவுக்குப் புத்தகத்தில் விரல் காட்டுகிறவள். போதகர் கையசைத்ததும் பேச்சு அடங்கியது. அம்மா அண்டாவின் பக்கத்தில் போய், மூடியின் மேல் போட்டிருந்த துணியில் கை வைத்தாள். நான் அவளுக்குப் பின்னால் அகப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். யார் கொடுத்தார்கள் என்று ஞாபகமில்லை.

"ஆண்டவரே" என்றாள்.

எல்லோரும் கண்ணை மூடினார்கள். நான் மூடவில்லை. அவள் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எங்க ஆண்டவரே."

பிறகு ஒன்றும் வரவில்லை. முதலில் அது பக்தியின் மௌனம்போல இருந்தது. ஒரு பெரியவர், "ஸ்தோத்திரம்" என்று முனகினார். ஒரு குழந்தை சிணுங்கியது. துணியைப் பிடித்திருந்த அம்மாவின் விரல்கள் அதைப் பிசைந்தன. போதகர் ஒரு கண்ணைத் திறந்தார். இன்னும் கொஞ்ச நேரம் போனால் எல்லோரும் திறந்துவிடுவார்கள்.

"இந்த ஆகாரத்துக்காக உமக்கு ஸ்தோத்திரம்" என்று ஒரு குரல் கேட்டது. அது என் குரல்.

நான் கோயிலில் வாய்விட்டு ஜெபித்து எத்தனையோ காலம். ஜெபிக்கத் தெரியுமா என்று கேட்டிருந்தால் தெரியாது என்று சொல்லியிருப்பேன். ஆனால் அதற்கு நம்பிக்கை எதுவும் தேவைப்படவில்லை. ஆறிக்கொண்டிருந்த சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டு கேட்ட ஜெபம் அது. நோயாளிகள் வந்தார்கள். ஊரை விட்டு வந்து கஷ்டப்படுகிற பிள்ளைகள் வந்தார்கள். பட்டணமும் அதிகாரிகளும் பஸ் டிரைவர்களும் வரிசை தப்பாமல் வந்தார்கள். அடுப்படியில் நிற்கிறவர்கள் என்று சொன்னபோது சங்கத் தலைவி விசும்பினாள். அம்மா எங்கே இழுப்பாளோ அங்கே நானும் இழுத்தேன். யாரிடம் பேசிக்கொண்டிருந்தேன்? அம்மாவின் முதுகிடம் என்றுதான் சொல்ல வேண்டும். மூத்தவனைக் காத்துக்கொள்ளும் என்றேன். நடுவிலவளைக் காத்துக்கொள்ளும் என்றேன். அதற்கு மேல் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. "ஆமென்" என்றேன்.

"ஆமென்" என்று அம்மா எல்லோரையும்விட உரக்கச் சொன்னாள். திரும்பி என் கையிலிருந்த அகப்பையை வாங்கி மூடியைத் திறந்தாள்.

ஒருவரும் எதையும் கண்டுபிடிக்கவில்லை. அம்மா வேண்டுமென்றே எனக்கு இடம் விட்டாள், பல நாள் திட்டம் இது என்று சபை முடிவு செய்துவிட்டது. அதற்காகத்தான் இவ்வளவு நாள் ஒதுங்கியிருந்தாளா என்று போதகர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அண்ணன் மட்டும் என்னை ஒரு மாதிரி பார்த்தான். அவனிடம் அன்று சாயங்காலம் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு கணம் எனக்கே சந்தேகம் வந்தது. உண்மையிலேயே அம்மாவின் திட்டம்தானா? அந்த அகப்பையை என் கையில் கொடுத்தது அவளா?

அம்மா கடைசிப் பந்தி வரை பரிமாறினாள். பிறகு நானும் அவளும் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்தோம். சோற்றைப் பிசைந்தவள் நடுவில் நிறுத்தினாள்.

"நல்லாச் செய்த பிள்ள. ஆனா ஒரு ஆள விட்டுட்ட."

"யார? எல்லாரையும் சொன்னேனே."

"மூத்தவனச் சொன்ன. நடுவிலவளச் சொன்ன. அதுக்குப் பொறவு ஒரு ஆளு உண்டு. அங்க வந்துதான் நான் ரொம்ப நேரம் நிப்பேன்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். எதிர்வரிசையில் காலியாகக் கிடந்த இலைகளைப் பார்த்தாள். மறுபடியும் என்னைப் பார்த்தாள். விரல்களில் குழம்பு காய்ந்துகொண்டிருந்தது. இடது கை என் முழங்காலில் இருந்தது.

"யாருன்னு வரமாட்டேங்குது" என்றாள்.

சொல்லியிருக்கலாம். ஒரு சொல்தான். நான் அவள் இலையோரம் சிதறிய சோற்றை நடுவே ஒதுக்கினேன்.

"செரி, சாரமில்ல, போவட்டும். அடுத்த தடவ விட்றாத, கேட்டியா. அந்த ஆளுக்குத்தான் ஜெபம் ரொம்ப வேணும்."

"விடமாட்டேன் அம்மா" என்றேன். "நீ சாப்பிடு. சோறு ஆறுது."